நம்மாத்து முடி

அப்பா ஆபீசிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தார். பம்பாயில் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். பெரிய காகிதங்களை வெட்டுகிற நீளக் கத்தரிக்கோல் அது, கைப்பிடியில் மசிக்கறை. எங்கள் வீட்டில் இருந்தது நூல் வெட்டத்தான் லாயக்கு.

கூடத்தில் மணையைப் போட்டு என்னை உட்கார வைத்தாள் அம்மா. தலைக்கு எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். வெட்டும்போது முடி சிதறக்கூடாதாம். வாசல் கதவு சாத்தியிருந்தது. மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது. சாத்தினால் இரண்டாவது நிமிஷம் யாராவது உறைமோர் கேட்டு வந்து தட்டுவார்கள். அன்றைக்கென்று ஒருத்தியும் தட்டவில்லை.

அதற்கு முதல் நாள் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் எந்த நாளில் க்ஷவரம் செய்துகொள்ளலாம், எந்த நாளில் செய்துகொண்டால் ஆயுசு குறையும் என்றெல்லாம் அதில் விவரமாக இருந்தது. ஒன்பது வயசுப் பெண்ணின் பின்னலைக் காலண்டருக்காக வெட்ட எது நல்ல நாள் என்று எந்த சாஸ்திரிகளும் எழுதி வைக்கவில்லை. அப்பா தாமாகவே ஒரு புதன்கிழமையைப் பார்த்து அரை நாள் லீவு போட்டார்.

"ஆடாதேடீ, காது பக்கத்துல இருக்கு" என்றார் அப்பா.

கழுத்தில் இரும்பு பட்டது. ஜில்லென்று இருந்தது.

காலண்டர் மாட்டாதவள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், என் வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டுவதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். உடனே நாலைந்து பேர் ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அது வாஸ்துவா என்று கேட்கிறார். வாஸ்துவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தேதி தெரிய வேண்டுமானால் நான் பேப்பர் பார்ப்பேன்.

இன்றைக்கு டி.வி. விளம்பரத்தில் பிஸ்கட் தின்னவைப்பதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற பெற்றோரைப் பற்றி நிறையப் பேர் அங்கலாய்க்கிறார்கள். இந்தப் புத்தி ஏதோ டி.வி.யோடு வந்ததாக நினைப்பு. அதெல்லாம் இல்லை. என் அப்பா அந்தக் காலத்திலேயே குழந்தையை டிராமில் அழைத்துப் போனவர்.

பழனி காத்திருந்தது

என் தம்பி அம்பிக்கு அப்போது ஐந்து வயசு. யுத்தம் முடிந்த வருஷமோ அதற்கு அடுத்ததோ. அவன் வயிற்றில் இருக்கும்போதே அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளையாகப் பிறந்தால் முதல் முடி உனக்கு என்று. நான் பிறந்தபோது எந்தச் சாமிக்கும் எதுவும் நேர்ந்துகொண்டதாகத் தகவல் இல்லை.

பிள்ளை பிறந்தது, யுத்தமும் வந்தது. ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் போக மிச்சம் இடத்தில் பாலக்காடு வழியாகப் பழனி போய்ச் சேர்வதே பெரும்பாடு. "பழனியாண்டவர் எங்க ஓடிப்போகப் போறார்?" என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்ல, அம்பியின் முடி தோளுக்கு வந்துவிட்டது. சுருட்டை முடி. நிறமும் அம்மா நிறம், எலுமிச்சம்பழம் மாதிரி. நான் அப்பா நிறம். அந்த நிறத்தை வீட்டில் யாரும் எது மாதிரி என்றும் சொன்னதில்லை.

முடி இறக்குவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பெண் வேஷம் போட்டு ஒரு போட்டோ எடுப்பது நம்மவர்களின் வழக்கம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நமது ஆல்பங்களைப் புரட்டினால் பட்டுப்பாவாடை கட்டி, ராக்கொடி வைத்து, முறைத்துப் பார்க்கிற ஒரு வக்கீலோ ஒரு என்ஜினீயரோ இல்லாத வீடு அபூர்வம்.

இந்த வருஷம் பழனி நிச்சயம் என்று ஆனதும் அம்பியையும் போட்டோ எடுத்தார்கள். என் பட்டுப்பாவாடை, என் முத்துமாலை, என் ஜிமிக்கி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த ஸ்டூடியோக்காரருக்குப் படம் பிடித்துப்போய், பெரிதாகப் போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். கடைத்தெருவுக்குப் போய்வருகிற எல்லோரும் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் பாவாடை அழகாகத்தான் இருந்தது.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் மாடிவீட்டு விச்சு மாமா. கோட்டையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனி தன் தலையில்தான் நிற்கிறது என்று பேசுவார். காலையில் ஸ்டூடியோவில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு ஆபீஸ் போனவர், அன்று சாயந்திரமே இறங்கி வந்தார்.

"ஓய் மணி, ஒரு கூந்தல் தைலக் காலண்டருக்குப் பொண் குழந்தை தேடிண்டிருக்கோம். குஜராத்தி, பார்சி, எத்தனையோ குழந்தைகளைப் பாத்தாச்சு. ஒண்ணும் முதலாளிக்குப் பிடிக்கலை. உம்ம பிள்ளை போட்டோவைக் காட்டினேன். இதுதான் வேணும்னுட்டார்."

"அவன் ஆணாச்சே" என்றார் அப்பா.

"அதை நாம எதுக்குச் சொல்லணும்? பேபி ரமணின்னு போட்டுக்கலாம்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். கொஞ்சம்தான். பழனியாண்டவர் மறுபடியும் இரண்டு மாதம் காத்திருக்கும்படி ஆயிற்று. அந்தத் தைலத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதற்கு இலவச விளம்பரம் வேறு நான் செய்யவேண்டுமா?

பேபி ரமணியின் தகப்பனார்

என் அப்பா அதுவரை ஒரு சாதாரண மனுஷர். எட்டேகால் வண்டி, மத்தியானம் டப்பாச் சாப்பாடு, சாயந்திரம் சந்தியாவந்தனம். விச்சு மாமா வந்துபோன மறுநாளிலிருந்து அவர் பேபி ரமணியின் தகப்பனார் ஆகிவிட்டார். நடையே மாறிவிட்டது.

அம்பி வெயிலில் விளையாடக்கூடாது. ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் போகவே கூடாது, கன்னம் கறுத்துவிடும். தினமும் பாலாடையும் கடலைமாவும் குழைத்துப் பூசினார்கள். பால் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். அம்பி கன்னத்தில் பூசியது போக எங்கள் காபி வெளுத்துத் தண்ணீராக வந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் அப்பா கண்ணாடி முன்னால் அவனை நிறுத்தி, "பல்லு தெரியப்படாது. உதடு மட்டும் சிரிக்கணும். இப்படி" என்று தாமே சிரித்துக் காட்டுவார். மீசையோடு அவர் சிரிக்கிற அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எந்தத் தைலமும் விலைபோகாது.

அம்பி பாவம். "நான் பொம்மனாட்டி இல்லை" என்று அழுவான். பெப்பர்மெண்ட் கொடுத்து வாயை அடைப்பார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. கோலி விளையாட விட்டால் போதும் என்று இருந்த பிள்ளை அவன்.

எவ தலையோ

சிக்கல் பின்னலில் வந்தது. போட்டோவில் அம்பிக்கு வைத்த குட்டைப் பின்னல் போதாதாம். தைலம் தடவினால் முடி இடுப்புக்குக் கீழே வளரும் என்றல்லவா காட்டவேண்டும்? விச்சு மாமா ஒரு நாடகக் கம்பெனியில் கேட்டு நல்ல நீளச் சவுரி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார்.

அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. அம்மா அந்தப் பொட்டலத்தை வாசல்படி தாண்டி உள்ளே விடவில்லை.

"எவ தலையோ, எவ தீட்டோ. செத்தவ தலையில இருந்து எடுத்தாளோ என்னமோ. பழனிக்கு நேர்ந்த முடியில அதைக் கொண்டுவந்து முடிஞ்சுவைக்கறதா? நான் சம்மதிக்க மாட்டேன்."

"மாமி, ரெண்டு மணி நேரம்தான்" என்றார் விச்சு மாமா.

"ரெண்டு நிமிஷம்னாலும் தீட்டு தீட்டுதான்."

ஆசாரம் என்றால் அம்மாவுக்கு அப்படி. பிள்ளைக்குப் பாவாடை கட்டி, பெயரை மாற்றி, ஊரை ஏமாற்றலாம். அதில் தோஷம் இல்லை. ஊரார் முடி மட்டும் ஆகாது.

நான் கூடத்து மூலையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த நியாயத்தைக் கேட்டேன். "நான்தான் நிஜப் பொண்ணாச்சே. எனக்கு முடியும் இருக்கே. என்னையே எடுக்கப்படாதா?"

விச்சு மாமா சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "காலண்டருக்கு முகம்னு ஒண்ணு வேணுமோல்லியோ குழந்தே" என்றார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

என் முடியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தற்பெருமை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடுகளில் அம்மாவின் சிநேகிதிகள் என்னைப் பார்த்து, "நிறம் அப்பாவைக் கொண்டுட்டா, ஆனா முடி மட்டும் லட்சணம்" என்பார்கள். அந்த 'மட்டும்' என்னுடையது. உட்கார்ந்தால் தரையில் படும். ஸ்கூலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள்கூட நீளப் பின்னல் என்றால் நான்தான் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அம்மாவின் கண் என் முதுகில் வந்து நின்றது.

"இவளோடது இருக்கே" என்றாள். "நம்மாத்து முடிதானே. கூடப்பிறந்தவன் தலையில வெச்சா என்ன தோஷம்?"

அப்பா முதலில் திடுக்கிட்டார் என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். பெண் குழந்தைக்கு முடி வெட்டுவதாவது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அவர் கவலை பார்க்கிறவர்களைப் பற்றி. அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "டைஃபாய்டுன்னு சொல்லிடலாம். டைஃபாய்டு வந்தா முடி எடுக்கறது வழக்கம்தானே."

"உன்னோடதை வெட்டிக்கோயேன்" என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. சுமங்கலியைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது என்று.

டைஃபாய்டு

ஒரே வெட்டில் போகவில்லை. அவ்வளவு அடர்த்தி. அப்பா கையை மாற்றி மாற்றி, நாலு தடவை, ஐந்து தடவை நறுக்கினார். காதுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. திடீரென்று தலை லேசாகிவிட்டது. பின்னல் முதுகில் சரிந்து மணைக்குப் பின்னால் விழுந்தது. நான் அழவில்லை. அழுதால் கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அம்மா வாயில் துணியைத் திணித்திருந்தாள். அது தனக்கு ஞாபகமே இல்லை என்று பின்னாளில் அவள் சாதித்தாள்.

அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு டைஃபாய்டு.

மார்ச் மாத வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். தலையில் ஸ்கார்ஃப். யாராவது வந்தால் முனக வேண்டும். முதல் மாடி அலமேலு மாமி பார்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒவ்வொரு நாளும் கொண்டுவந்தாள். ஒட்டுவாரொட்டி ஆயிற்றே என்று வாசலோடு நின்று, "குழந்தை எப்படி இருக்கா?" என்று கேட்கும்போது அவள் குரல் தழுதழுக்கும். அம்மாவும் பதிலுக்குத் தழுதழுப்பாள். பேபி ரமணியைவிட அம்மா நன்றாக நடித்தாள். எந்தக் கம்பெனி முதலாளியும் அதைப் பார்க்கவில்லை.

மாமியின் பெண் ஜெயா என் வகுப்பு. அவளுக்கும் முடி நீளம், என்னைவிட ஒரு சாண் குறைவு. அவள் வாசலில் நின்று, "நீ ஸ்கூலுக்கு எப்ப வருவே?" என்று மட்டும் கேட்பாள். நான் கம்பளிக்குள் முனகுவேன்.

பெயிண்டரின் அறை

பத்து நாள் கழித்து, காலண்டர் படம் எழுதுகிறவரிடம் தாதருக்குப் போனோம். நான் கூட வராவிட்டால் அம்பி பாவாடை கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்ததால் என்னையும் அழைத்துப் போனார்கள். 'டாக்டரிடம் காட்ட' என்று பில்டிங்குக்குச் சொல்லியாயிற்று. அம்மா வீட்டிலேயே அம்பிக்கு என் பின்னலை வைத்து, ஊசிகள் குத்தி, கனகாம்பரம் சுற்றி, பில்டிங் தாண்டும்வரை மேலே ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பியிருந்தாள். என் பின்னல் டிராமில் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தது.

பெயிண்டர் ஒரு மராட்டிக்காரர். அறை முழுக்க டர்பன்டைன் நெடி. சுவரெல்லாம் பாதி முடிந்த தேவிகள், சிலருக்குக் கை இல்லை, சிலருக்குக் கண் இல்லை. அம்பியை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்னலைக் காட்டி, "யே நிகாலோ" என்றார், இதை எடு என்று.

அப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்தது, நம்பவில்லை. தமக்குத் தெரிந்த ஹிந்தியில், தைலம், முடி, லம்பா லம்பா என்று கையால் அளந்து காட்டினார்.

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்தது. பேசாமல் சுவரோரம் சாய்த்திருந்த ஒரு துணிச் சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். காலண்டர் படம் முக்கால்வாசி ஏற்கனவே வரைந்து முடிந்திருந்தது. பாவாடை, கையில் தைலப் புட்டி, பின்னால் குளம், தாமரை. இடுப்புக்கும் கீழே, முழங்காலுக்கும் கீழே இறங்குகிற முடி, ஒவ்வொரு இழையாகப் பளபளவென்று. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு முட்டை.

எல்லாக் காலண்டரும் அப்படித்தானாம். முடி, நகை, குளம் எல்லாம் அவரே போட்டுக்கொள்வார். குழந்தையிடமிருந்து வேண்டியது முகம் ஒன்றுதான். விச்சு மாமாவின் தலையில் நிற்கிற கம்பெனியில் இந்த விஷயம் விச்சு மாமாவுக்கு மட்டும் தெரியாது.

பெயிண்டரே ஊசிகளைக் கழற்றிப் பின்னலை எடுத்தார். வைக்க இடம் தேடினார். எங்கே பார்த்தாலும் ஈர வர்ணம். கடைசியில் என் மடியில் வைத்தார். அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார்.

"இஸ்கோ க்யா ஹுவா?" என்று என் ஸ்கார்ஃபைக் காட்டி, இவளுக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவைக் கேட்டார்.

"டைஃபாய்டு" என்றார் அப்பா. தயங்கவே இல்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு மணி நேரம் என் முடியை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டிய அன்று வராத அழுகை அங்கே வந்தது. பெயிண்டர் எனக்கும் ஒரு பெப்பர்மெண்ட் கொடுத்தார்.

காம்பவுண்டு

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் சொன்னது, "அம்மா, என் முடி அவாளுக்கு வேண்டாமாம்" என்பதுதான். பெயிண்டர் கழற்றியது, படத்தில் முடி முன்னாலேயே இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இந்த வயசில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"அந்த மராட்டிக்காரன் அம்பி தலையைத் தொட்டானா?" என்று கேட்டாள். அவனைக் குளிப்பாட்ட அழைத்துப் போனாள்.

பின்னல் என் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நான் ஸ்கார்ஃபை அவிழ்த்தேன். கழுத்தோடு நின்ற கட்டை முடியில் பின்னலை வைத்து ரிப்பனால் என்னால் ஆனமட்டும் கட்டினேன். கோணலாகத்தான் நின்றது. படியிறங்கிக் காம்பவுண்டுக்குப் போனேன். சாயந்திர வேளை, பெண்களெல்லாம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பார்த்தது அலமேலு மாமி. எழுந்தே நின்றுவிட்டாள்.

"என்னடீ இது? முடி எடுத்தாச்சுன்னாளே உங்கம்மா. பின்னல் எங்கேர்ந்து வந்தது?"

"எனக்கு டைஃபாய்டு இல்லை மாமி. காலண்டருக்காக அப்பா என் முடியை வெட்டிட்டார். அம்பியைப் பொண்ணா வேஷம் போட்டுப் படம் எழுதறா. அம்மாதான் வெட்டச் சொன்னா."

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். பத்து நாள் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவள் இனி மாடியேறிப் போய் அம்மாவை நாலு வார்த்தை கேட்பாள், பில்டிங்கே கேட்கும், அம்மா தலை குனிந்து நிற்பாள் என்று காத்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் இறங்கி வந்திருந்தேன்.

மாமி என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனத்தைப் பார்க்கிறவள் மாதிரி ஒரு தடவை தூக்கி இறக்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்காத்துப் பிள்ளை ராமுவுக்கும் முகம் நன்னாத்தானே இருக்கு. விச்சு மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன் உங்கப்பாவை."

அவளுக்குப் பின்னால் ஜெயா நின்றிருந்தாள். தன் பின்னலை முதுகிலிருந்து முன்னால் இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.